வெள்ளாவி முதல் வெயில் வரை

நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேரம் உறங்குவதாக வைத்துக்கொள்வோம். அறுபது வயது நிரம்பிய ஒருவர் தம் வாழ்நாளில் இருபது ஆண்டுகளைப் படுக்கையிலேயே கழித்திருப்பார். பள்ளிச் சட்டையை நாள்தோறும் மாற்றுகிறோம். அதைவிட நெடுநேரம் உடலோடு ஒட்டிக் கிடக்கும் படுக்கை விரிப்பையும், தலையணை உறையையும், போர்வையையும் எத்தனை நாளைக்கு ஒரு முறை மாற்றுகிறோம்? இந்தக் கேள்விக்கு உங்களில் பலர் அம்மாவின் முகத்தைத்தான் பார்ப்பீர்கள்!

துவைப்பது வீட்டு வேலை; அதில் படிக்க என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டாம். உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ள பரப்பு இழுவிசை, தன்வெப்பம், உள்ளுறை வெப்பம், ஒப்பு ஈரப்பதம், ஒளியின் நிறப்பிரிகை ஆகிய அனைத்தும் ஒரு வாளிக்குள்ளும் ஒரு கொடிக்கயிற்றிலும் அடங்கிவிடுகின்றன. இவற்றைச் சரியாகப் பயன்படுத்தினால் தண்ணீரும் சோப்பும் மிச்சமாகும். வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தையோ, விடுதியில் சிரங்கு பிடித்த தோழனோ இருந்தால், அவர்களுக்கு நிம்மதியான உறக்கமும் கிடைக்கும்.

விரிப்பில் என்ன இருக்கிறது?

பார்வைக்குத் தூய்மையாகத் தெரியும் விரிப்பில் வியர்வை உலர்ந்த உப்பு, தோலில் சுரக்கும் எண்ணெய், தலையில் தடவிய எண்ணெய், காலில் வந்த மண், இவற்றோடு நம் தோலிலிருந்து உதிர்ந்த மிக மெல்லிய செதில்களும் இருக்கின்றன. நம் மேல்தோல் ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. பழைய அணுக்கள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி படுக்கையில் விழுகிறது.

இந்தச் செதில்களை உண்டு வாழும் ஓர் உயிர் உண்டு. அதன் பெயர் தூசி உண்ணி. பூச்சி இனம் அன்று; எட்டுக் கால்களுடைய, சிலந்திக்கு உறவான இனம். நீளம் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர்தான். அது நம்மைக் கடிப்பதில்லை. குருதி குடிப்பதும் இல்லை. ஆனால் அதன் கழிவில் உள்ள சில புரதங்கள் மூச்சோடு உள்ளே செல்லும்போது பலருக்குத் தும்மலும் மூக்கொழுகலும், சிலருக்கு ஆஸ்துமா இழுப்பும் உண்டாகின்றன. வீட்டுத் தூசி ஆகாது என்று மருத்துவர்கள் நெடுங்காலம் கூறி வந்தாலும், தூசியில் உள்ள எந்தப் பொருள் ஆகாதது என்பது தெரியாமலேயே இருந்தது. நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரில் ஆராய்ந்த வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோரும் அவர்கள் குழுவினரும் 1960களில்தான் இந்த உண்ணியைக் குற்றவாளியாகச் சுட்டிக்காட்டினர்.

தூசி உண்ணியிடம் ஒரு வியப்பான பண்பு உண்டு. அது தண்ணீர் குடிப்பதில்லை. தனக்கு வேண்டிய நீரில் பெரும் பகுதியைக் காற்றிலுள்ள நீராவியிலிருந்தே ஈர்த்துக்கொள்கிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே பல நாள் நீடித்தால் அதன் உடல் உலர்ந்து அது மடிந்துவிடும். கடலோர ஊர்களில் அவ்வளவு வறண்ட காற்று நீடிப்பது அரிது. ஆகவே உண்ணி அங்கே வசதியாக வாழ்கிறது.

இன்னொரு உண்ணியும் உண்டு. ‘ஸ்கேபிஸ்’ என்று மருத்துவர்கள் கூறும் சிரங்கு நோயை உண்டாக்குவது அதுவே. அது தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் இரவில் தாங்க முடியாத அரிப்பு ஏற்படும். உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டில் இந்நோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. பெரும்பாலும் தோலோடு தோல் நெடுநேரம் படுவதால் பரவும். ஒரே விரிப்பையும் போர்வையையும் பகிர்ந்துகொள்வதாலும் பரவக்கூடும். அரிப்பு வந்தவரைக் ‘குளிக்காதவன்’ என்று ஏளனம் செய்வது அறியாமை. நாள்தோறும் குளிப்பவருக்கும் இது வரும். மருத்துவர் தரும் பூச்சு மருந்தை வீட்டில் உள்ள அனைவரும் ஒரே சமயத்தில் பூசிக்கொள்ள வேண்டும். அதே நாளில் விரிப்புகளையும் துணிகளையும் வெந்நீரில் துவைக்க வேண்டும். இல்லையேல் குணமானவருக்கே நோய் திரும்பவும் தொற்றும்.

நீரின் பிடிவாதம்

இனி வாளிக்கு வருவோம். நீர் எல்லாவற்றையும் நனைக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் நீர் சற்றுப் பிடிவாதமானது. அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று வலுவாக ஈர்ப்பதால், நீரின் பரப்பு இழுத்துக் கட்டிய தோல் போல் நடந்துகொள்கிறது. அறை வெப்பநிலையில் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 0.072 நியூட்டன். எண்ணெய் படிந்த இழையின் மேல் நீர் பரவாமல் முத்து முத்தாக நிற்பதற்கு இதுவே காரணம்.

கடையில் கோராத் துணி ஒரு சிறு துண்டு வாங்கிச் சோதித்துப் பாருங்கள். வெளுக்காத பருத்தி இழையின் மேல் இயற்கையான மெழுகு இருக்கும். துண்டை வெறும் நீரின் மேல் மெதுவாக வைத்தால் அது நெடுநேரம் மிதக்கும். நீரில் சிறிது சோப்பைக் கரைத்துவிட்டு, அதே அளவுள்ள மற்றொரு துண்டை வைத்தால் விரைவில் மூழ்கிவிடும். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைப் பாதிக்கும் குறைவாகத் தணித்துவிடுகிறது. நீர் இழைகளின் இடுக்குகளுக்குள் புகுந்துவிடுகிறது.

சோப்பு மூலக்கூறுக்கு ஒரு தலையும் ஒரு நீண்ட வாலும் உண்டு. தலை நீரை நாடும். வால் எண்ணெயை நாடும். வால்கள் எண்ணெய்த் துளிக்குள் குத்திக்கொள்ள, தலைகள் வெளியே நீரை நோக்கி நிற்கின்றன. அப்போது எண்ணெய்த் துளி இழையை விட்டு உருண்டு நீரில் மிதந்து வருகிறது. தேய்ப்பதும், கசக்குவதும், கல்லில் அடிப்பதும் இந்த வேலைக்குத் துணை செய்கின்றன. மடிப்புகளுக்குள் இருக்கும் அழுக்கு நீர் வெளியேறிப் புதிய நீர் உள்ளே வருகிறது.

சோப்பு நீரின் பரப்பைப் பற்றிய ஆராய்ச்சி எங்கே வளர்ந்தது தெரியுமா? ஒரு வீட்டின் சமையலறையில்! ஜெர்மனியில் பிரௌன்ஷ்வைக் நகரில் வாழ்ந்த ஆக்னஸ் போக்கெல்ஸ் 1862இல் பிறந்தவர். அக்காலத்தில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. நோயுற்ற பெற்றோரைப் பேணிக்கொண்டு வீட்டு வேலைகளைச் செய்துவந்த அவர், பாத்திரம் கழுவும் நீரின் பரப்பை உற்றுநோக்கினார். தகரத் தொட்டி ஒன்றில் நீரை நிரப்பி, குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்து நகர்த்தி, அழுக்குப் படிந்த பரப்பைச் சுருக்கியும் விரித்தும் பார்த்தார். நீர்ப்பரப்பின் மேல் படிந்த ஒரு சிறு வட்டத் தகட்டை விடுவிக்கத் தேவையான விசையைத் தராசினால் அளந்தார். இயற்பியல் பயின்ற தம்பி ஃபிரீட்ரிக் அவருக்கு நூல்களைக் கொண்டுவந்து கொடுத்தார். பத்தாண்டு உழைப்பின் முடிவுகளை 1891 ஜனவரியில் இங்கிலாந்தின் ராலே பிரபுவுக்கு ஒரு கடிதமாக எழுதினார். அதன் அருமையை உணர்ந்த ராலே அதை ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பினார். 1891 மார்ச்சில் அது அச்சாயிற்று. போக்கெல்ஸ் வகுத்த தொட்டி முறையை வளர்த்தெடுத்த இர்விங் லாங்மியூர், பரப்பு வேதியியல் ஆராய்ச்சிக்காக 1932இல் நோபல் பரிசு பெற்றார். அதே 1932இல் பிரௌன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போக்கெல்ஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. அப்போது அவருக்கு வயது எழுபது.

சோப்பைத் தின்னும் நீர்

சில ஊர்களில் எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது. துணியில் சாம்பல் நிறப் படிவுதான் மிஞ்சும். அது கடின நீர். அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகள் சோப்போடு சேர்ந்து, நீரில் கரையாத திப்பியாக மாறிவிடுகின்றன. இவ்வயனிகள் தீரும் வரை சோப்பு அழுக்கைத் தொடாது.

எவ்வளவு சோப்பு வீணாகிறது என்று கணக்கிடுவோம். ஆழ்துளைக் கிணற்று நீர் ஒன்றின் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட் அளவில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் எனக் கொள்வோம். கால்சியம் கார்பனேட்டின் மூலக்கூறு எடை 100. ஆகவே லிட்டருக்கு 3 மில்லிமோல். ஒவ்வொரு கால்சியம் அயனியும் இரண்டு சோப்பு மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும். எனவே 6 மில்லிமோல் சோப்பு வீண். சோடியம் ஸ்டியரேட் என்னும் சோப்பின் மூலக்கூறு எடை 306. அப்படியானால் லிட்டருக்கு 1.8 கிராம், 20 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 37 கிராம் தூய சோப்பு! அழுக்கு ஒரு துளியும் போகாமலே இவ்வளவு செலவாகிறது.

இதற்கு மாற்று உண்டு. சலவை சோடா எனப்படும் சோடியம் கார்பனேட்டை முதலில் கரைத்தால், கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடும். மேற்கண்ட 20 லிட்டருக்கு நீரற்ற சலவை சோடா 6 அல்லது 7 கிராம் போதும். படிக வடிவிலுள்ள சோடாவில் நீரும் சேர்ந்திருப்பதால் அது இதைவிட மிகுதியாக வேண்டும். சிறிது நேரம் தெளியவிட்டு மேல் நீரை இறுத்துக்கொள்ளுங்கள். சலவைத் தூள்களில் இருப்பவை சோப்பு அல்ல. கடின நீரிலும் திப்பியாகாத செயற்கைப் பொருள்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் உள்ள வீடுகளில் சோப்புக் கட்டியைவிடத் தூள் நன்கு வேலை செய்வதன் காரணம் இதுவே.

வெந்நீரும் வெள்ளாவியும்

குளிர்ந்த நீரில் துவைத்தால் தூசி உண்ணியின் கழிவுப் புரதங்களில் பெரும் பகுதி கரைந்து போய்விடும். ஆனால் உண்ணி சாகாது. இழைகளைப் பற்றிக்கொண்டு அது பிழைத்துவிடும். 55 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் சூடான நீரில்தான் அது முழுவதும் மடிகிறது. சிரங்கு உண்ணிக்கு 50 டிகிரியில் பத்து நிமிடம் போதும்.

வெப்பமானி இல்லாமலே 60 டிகிரி நீரைத் தயாரிக்கலாமா? கலவை முறைக் கணக்கு நினைவுக்கு வருகிறதல்லவா! 28 டிகிரி உள்ள குழாய் நீர் 5 லிட்டர், கொதிக்கும் நீர் 5 லிட்டர் சேர்த்தால், கலவையின் வெப்பநிலை இரண்டின் சராசரியான 64 டிகிரி. வாளியும் துணியும் சில டிகிரிகளை எடுத்துக்கொள்ளும். ஆக 60 டிகிரிக்கு அருகே நிற்கும். துணியை அமிழ்த்தி, மேலே ஒரு தட்டை மூடி இருபது நிமிடம் வைத்தால் வேலை முடிந்தது. எச்சரிக்கை ஒன்று: முதலில் குளிர்ந்த நீரை ஊற்றி, பின்பு கொதிநீரைப் பெரியவர் ஒருவர் ஊற்ற வேண்டும். துணியைக் கையால் அன்றிக் கோலால் அமிழ்த்துங்கள். சாயம் போகும் துணிகளைத் தனியே நனையுங்கள்.

குருதிக் கறை பட்ட விரிப்பை மட்டும் முதலில் குளிர்ந்த நீரில்தான் ஊறவைக்க வேண்டும். சூடுபட்டால் முட்டை வெள்ளை இறுகுவது போல் குருதியிலுள்ள புரதமும் இறுகி இழையைப் பற்றிக்கொள்ளும். கறை போன பின் வெந்நீரைப் பயன்படுத்தலாம்.

நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர்கள் இந்த அறிவைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்திருக்கிறார்கள். உவர்மண்ணைக் கரைத்துத் தெளிந்த நீரில் துணிகளை நனைத்து, பெரிய பானையின் மேல் அடுக்கி, அடியில் தீ மூட்டி நீராவியில் வேகவைப்பதே வெள்ளாவி. உவர்மண்ணில் உள்ள சோடியம் கார்பனேட் காரத்தன்மை உடையது. எண்ணெய்ப் பிசுக்கைத் தளர்த்தும். நீராவியோ துணியின் மேல் பட்டுக் குளிர்ந்து நீராகும்போது தன் உள்ளுறை வெப்பத்தை விட்டுச்செல்லும். ஒரு கிலோகிராம் நீராவி நீராக மாறும்போது வெளிவிடும் வெப்பம் 2,260 கிலோ ஜூல். கொதிநிலையிலுள்ள ஒரு கிலோகிராம் நீர் பனிக்கட்டியின் வெப்பநிலை வரை குளிர்ந்தாலும் 420 கிலோ ஜூல்தான் தரும். ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட வெப்பத்தை, மடிப்புகளின் உள்ளே வரை கொண்டுசேர்ப்பது நீராவி. அந்த வெப்பத்தில் எந்த உண்ணியும் தப்பாது.

அலசுவதில் ஒரு கணக்கு

துவைத்த விரிப்பை அலச 20 லிட்டர் நீர் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றி ஒரு முறை அலசலாமா, பத்துப் பத்து லிட்டராக இரு முறை அலசலாமா?

ஒற்றைக் கட்டில் விரிப்பு சுமார் அரைக் கிலோ எடை இருக்கும். நன்றாகப் பிழிந்த பின் அதில் அரை லிட்டர் சோப்பு நீர் தங்குவதாகக் கொள்வோம். அதை 20 லிட்டரில் அலசினால் சோப்பு 20.5 லிட்டர் நீரில் பரவும். மீண்டும் பிழிந்தால் தங்கும் அரை லிட்டரில் 41இல் ஒரு பங்கு சோப்பு எஞ்சும். பத்து லிட்டரில் அலசினால் 21இல் ஒரு பங்கு எஞ்சும். பிழிந்து மறுபடியும் பத்து லிட்டரில் அலசினால் அதிலும் 21இல் ஒரு பங்கு. ஆக 441இல் ஒரு பங்கு! ஐந்து லிட்டராக நான்கு முறை அலசினால் 14,641இல் ஒரு பங்கு. நீர் அதே 20 லிட்டர்தான்.

பிழியாமல் விட்டால் என்ன ஆகும்? விரிப்பில் 2 லிட்டர் நீர் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து லிட்டராக இரு முறை அலசினாலும் 36இல் ஒரு பங்கு எஞ்சும். பிழிந்து ஒரே முறை அலசியவரைவிட இவர் பின்தங்கிவிட்டார்! சோப்பு சிறிது இழையோடு ஒட்டிக்கொள்வதால் உண்மையான அளவுகள் சற்று மாறலாம். ஆனால் விதி மாறாது: சிறிது சிறிதாக, பல முறை, ஒவ்வொரு முறையும் பிழிந்து அலசுக. தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வரும் வீட்டில் இந்த விதியின் மதிப்பு அதிகம்.

பிழிந்தால் துணி கிழிந்துவிடும் என்ற அச்சம் பருத்திக்கு வேண்டாம். நனைந்த பருத்தி இழை உலர்ந்ததைவிட வலிமை மிக்கது. ரேயான் இழை இதற்கு நேர்மாறு. நனைந்தால் வலிமை பெரிதும் குறையும். அதை முறுக்காமல் அழுத்தி நீரை வடியுங்கள்.

கொடிக்கயிற்றின் வேலை

விரிப்பில் தங்கிய அரைக் கிலோ நீரை ஆவியாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும்? 30 டிகிரியில் நீரின் உள்ளுறை வெப்பம் கிலோவுக்குச் சுமார் 2,430 கிலோ ஜூல். ஆகவே 1,215 கிலோ ஜூல். இது ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு. சூரியனும் காற்றும் இதை இலவசமாகச் செய்துகொடுக்கின்றன.

மழைக்காலத்தில் அறைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே கொடி கட்டுகிறோம். மறுநாளும் ஈரம்! காரணம் என்ன? மூன்று மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள அறையின் கொள்ளளவு 27 கன மீட்டர். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாக 30 கிராம் நீராவியையே ஏற்கும். அறை முழுவதும் 810 கிராம். ஐப்பசி மாதக் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதம் எனில், 648 கிராம் நீராவி ஏற்கெனவே உள்ளது. மீதி இடம் 162 கிராமுக்குத்தான். விரிப்பிலோ 500 கிராம் நீர்! அறை மூடியிருந்தால் எத்தனை நேரம் மின்விசிறி சுழன்றாலும் பயனில்லை. சன்னலைத் திறந்துவிட்டு விசிறியைச் சுழலவிடுங்கள். ஈரக்காற்று வெளியே போய் வேறு காற்று உள்ளே வரட்டும்.

வெயிலில் நடப்பதைப் பாருங்கள். 30 டிகிரியில் நீரின் தெவிட்டிய ஆவி அழுத்தம் 31.8 மில்லிமீட்டர் பாதரசம். ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதம் எனில் காற்றிலுள்ள ஆவியின் அழுத்தம் 25.4. வேறுபாடு வெறும் 6.4. இந்த வேறுபாடே உலர்த்துகிறது. வெயில் பட்டுத் துணியின் வெப்பநிலை 35 டிகிரிக்கு உயர்ந்தால், துணியின் பரப்பில் ஆவி அழுத்தம் 42.2 ஆகும், வேறுபாடு 16.8. ஐந்து டிகிரி உயர்வுக்கே இரண்டரை மடங்கு வேகம்! ஆடி மாதத்தில் காற்று பரப்பை ஒட்டிய ஈரப்படலத்தை ஓயாமல் அடித்துச் செல்வதால் வேகம் இன்னும் கூடுகிறது. விரிப்பை இரண்டாக மடித்துப் போடும்போது இரு பக்கமும் ஒட்டாதவாறு விலக்கிவிட வேண்டும் என்பது இதனால்தான்.

மெதுவாக உலரும் துணியில் ஒரு புளித்த வாடை வருவதை அறிவீர்கள். 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அவ்வாடைக்கு மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்னும் பாக்டீரியா காரணம் என்று கண்டறிந்து வெளியிட்டனர். ஈரம் நீடித்தால் அது பெருகும். வாசனைத் திரவியத்தால் அதை மறைக்கலாம், போக்க முடியாது. விரைந்து உலர்த்துவதே மருந்து.

வெயிலின் புறஊதாக் கதிர்கள் மேற்பரப்பில் உள்ள நுண்ணுயிர்களை அழிக்கின்றன. அதே கதிர்கள் சாயத்தையும் சிதைக்கும். எனவே வெள்ளை விரிப்பை நேர் வெயிலிலும், வண்ண விரிப்பை உட்புறம் வெளியே தெரியுமாறு திருப்பியும் காயவையுங்கள்.

நீலம் போட்டால் வெள்ளையாவது எப்படி?

பழைய வெள்ளை விரிப்பு மஞ்சளித்துத் தோன்றும். தன்மேல் விழும் வெள்ளொளியில் நீலப் பகுதியை அது சற்று உறிஞ்சிவிடுகிறது. நீலத்தில் முக்கினால் மஞ்சள் பகுதியும் சற்று உறிஞ்சப்பட்டு எல்லா நிறங்களும் சமமாகின்றன. மொத்த ஒளி உண்மையில் குறைகிறது. ஆனால் நம் கண்ணுக்கு வெண்மை கூடியதாகத் தோன்றுகிறது! முற்காலத்தில் அல்ட்ராமரைன் என்னும் நீலத்தை விலையுயர்ந்த ஒரு கல்லிலிருந்து எடுத்தார்கள். அதைச் செயற்கையாகச் செய்பவருக்கு 1824இல் பிரான்சில் 6,000 பிராங்க் பரிசு அறிவிக்கப்பட்டது. 1828இல் கிமே அதைப் பெற்றார். நீலப்பொடி ஏழை வீட்டுக்கும் வந்தது. சொட்டு நீலத்தில் இருப்பது நீரில் கரையும் சாயம்.

இக்காலச் சலவைத் தூள்கள் பலவற்றில் வேறொரு தந்திரம் உள்ளது. அவற்றில் உள்ள ஒளிர் பொருள் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை உறிஞ்சி, தெரியும் நீல ஒளியாக வெளிவிடுகிறது. வெயிலில் துணி பளிச்சிடுவதும், புறஊதாக் கதிர் குறைந்த விளக்கொளியில் மங்குவதும் இதனால்தான். வெண்மை வேறு, தூய்மை வேறு என்பதை மறவாதீர்கள். வெளுப்புத் திரவத்தையும் பிளீச்சிங் பவுடரையும் எந்த அமிலத்தோடும் கலக்காதீர்கள். நச்சு வாயுவான குளோரின் வெளிப்படும்.

மடித்து வைக்கும்போது

தொட்டால் உலர்ந்ததாகத் தோன்றும் பருத்தியிலும் நீர் உண்டு. ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கையில் 100 கிராம் பருத்தி ஏழு எட்டுக் கிராம் நீரைத் தன்னுள் வைத்திருக்கும். அதற்கு மேல் ஈரம் இருக்கும்போது மடித்துப் பெட்டியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். கஞ்சி போட்ட விரிப்பை நெடுநாள் வைக்க வேண்டாம். கஞ்சியிலுள்ள மாவுப்பொருளைத் தின்ன வெள்ளிமீன் பூச்சி வரும்.

பெட்டியில் அந்துருண்டை போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. துணியைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு நாடுவது கம்பளியையும் பட்டையும்தான்; தூய பருத்தியை அது நாடுவதில்லை. அப்படியிருக்கப் பருத்தி விரிப்புக்கு அந்துருண்டை எதற்கு? நாப்தலீனால் செய்த அந்துருண்டை பதங்கமாகி ஆவியாகத் துணியில் ஏறுகிறது. ‘ஜி-6-பி-டி’ என்னும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு, இந்த ஆவி ஏறிய துணியில் படுத்தாலே இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலையும் இரத்த சோகையும் வரலாம். அந்தக் குறை குழந்தையின் முகத்தில் எழுதியிருக்காது. ஆகவே கைக்குழந்தையின் விரிப்பு, போர்வை, துணி இருக்கும் பெட்டியில் அந்துருண்டை வைக்கவே கூடாது. பழைய பெட்டியிலிருந்து எடுக்கும் துணியைத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, வாடை முற்றிலும் போன பிறகே குழந்தைக்குப் பயன்படுத்த வேண்டும். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ புதுக்குழந்தை இருந்தால் இச்செய்தியை இன்றே சொல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை துவைப்பது நல்லது. ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் வாரந்தோறும் வெந்நீரில் நனைப்பது இன்றியமையாதது. ஆனால் மருத்துவர் தந்த மருந்தை இதற்காக நிறுத்திவிடக் கூடாது. நோயாளியின் விரிப்பை உதறாமல் சுருட்டி எடுத்துச் சென்று நனையுங்கள். துவைக்க இயலாத தலையணையை நல்ல வெயிலில் இருபுறமும் திருப்பிப் போடுங்கள். சிரங்கு வந்தவர் பயன்படுத்திய, துவைக்க முடியாத பொருள்களைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரம் வையுங்கள். மனிதத் தோலை விட்டுப் பிரிந்த சிரங்கு உண்ணி இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் உயிர்வாழ்வதில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் விரிப்பை நீங்களே துவையுங்கள். ஆணும் பெண்ணும் இருவருமே செய்யலாம். இயற்பியலில் அந்த வேறுபாடு இல்லை. உலர்ந்த விரிப்பை எடைபோடுங்கள். பிழிந்த பின்னும், கொடியில் போட்ட பிறகு அரை மணிக்கு ஒரு முறையும் எடைபோட்டு, நேரத்துக்கு எதிராக எடையை வரைபடத்தாளில் குறியுங்கள். ஒரு வாரம் வெயிலிலும் மறு வாரம் நிழலிலும் செய்தால் இரண்டு வளைகோடுகள் கிடைக்கும். வளைகோடு முதலில் ஏறத்தாழ நேராக இறங்கி, பின்பு ஏன் தட்டையாகிறது என்பதை நண்பர்களோடு விவாதியுங்கள். விடை கிடைக்காவிட்டால் உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். அந்த விரிப்பை அன்றிரவு விரித்துப் படுக்கலாம்!